சிவப்பு மூடி மருந்து

எனக்குத் தெரியாத வைத்தியமே கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு வந்த வியாதிகளிலேயே பெரிய வியாதி அதுதான்.

சளி என்றால் கஷாயம் வைத்திருப்பேன். சுளுக்கு என்றால் எண்ணெய் வைத்திருப்பேன். வயிற்றுவலி என்று ஒருத்தர் வாயைத் திறந்தால், மூடுவதற்குள் எதையாவது ஊற்றிவிடுவேன். கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் என்றில்லை, கேட்காதவர்களுக்கும் உண்டு. படித்தது மூன்றாம் வகுப்பு. (அதுலயும் பாதி நாள் வாத்தியார் ஊட்டு எருமைக்குத் தண்ணி காட்டவே சரியாப் போச்சு.) டாக்டருக்குப் படித்தவர்கள்கூட மருந்தைக் கையில் எடுத்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். நான் யோசித்ததே இல்லை. அப்படி யோசிக்காமல் போட்ட ரெண்டு சொட்டு மருந்தால் என் தங்கச்சி வசந்தாவை வேலைக்கு அனுப்புவதற்குப் பதிலாக நானே போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போகப் பார்த்தேன்.

எண்பதுகளில் நடந்தது. ஓசூரில் வருஷத்துக்கு நாலைந்து கம்பெனி புதிதாக வந்துகொண்டிருந்தது. எங்க வீட்டுக்காரர் இரும்பு வார்க்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை. பத்து வீடுகள் வரிசையாக இருக்கிற ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பத்து வீட்டுக்கும் ஒரே குழாய். பக்கத்து வீட்டு ரத்னம்மா கன்னடக்காரி. அவள் பேசுவது எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவளுக்குப் பாதி புரியும். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

வசந்தா எனக்குப் பத்து வயசு இளையவள். மத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பா வீட்டில் இருந்தாள். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது பாஸான முதல் பெண். படிப்பு முடிந்த கையோடு அப்பா அவளை எங்கள் மாமா மாதப்பனுக்குக் கட்டிவைப்பது என்று முடிவு செய்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கம் அது வழக்கம்தான், தப்பில்லை. மாமாவும் தங்கமான மனுஷன். நிலக்கடலைக் காடு, கிணறு, மாமரம் எல்லாம் உண்டு. ஆனால் வசந்தாவைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர் அவர்.

"அவரப் பாத்தா எனக்குச் சந்தையில வாங்கிக் குடுத்த கல்கோனா முட்டாயி ஞாபகந்தான்க்கா வருது. புருஷன்னு நெனச்சிப் பாக்கவே முடியல" என்று என்னிடம் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சின்னச் சின்னக் கருவிகளுக்குத் தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி கோர்க்கிற வேலைக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டோம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. கையும் கண்ணும் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்து எடுப்பார்களாம்.

அப்பா சொன்னது ஒரே வார்த்தை. "வேல கெடச்சா கல்யாணப் பேச்சத் தள்ளிப் போடறன். கெடைக்கலன்னா தை மாசம் தாலி."

அதனால் வசந்தாவுக்கு அது வேலைக்கான பரீட்சை மட்டும் இல்லை.

இந்த இடத்தில் எங்க வீட்டுக்காரர் கண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு நாலு மாசத்துக்கு முன்னால் அவருக்கு இடது கண் மட்டும் சிவந்துபோயிற்று. பீளை தள்ளவில்லை, அரிப்பு இல்லை. ஆனால் குத்துகிற வலி. விளக்கைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கத்துவார். பார்வையும் புகை மூட்டம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன்? நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்தேன். ரத்னம்மா சொன்னாள் என்று நாலாவது வீட்டில் குழந்தை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி ஊற்றினேன். மூன்றாம் நாள் மனுஷன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். பெங்களூரில் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே பார்த்துவிட்டு, இது மேலே வருகிற கண் நோய் இல்லை, கண்ணுக்கு உள்ளே கருவிழியில் வீக்கம், இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் உள்ளே ஒட்டிப்போய்ப் பார்வையே போயிருக்கும் என்றார்கள். இரண்டு சொட்டு மருந்துக் குப்பி கொடுத்தார்கள். ஒன்று வெள்ளை மூடி, குலுக்கிப் போட வேண்டும், வீக்கத்தைக் குறைக்கும். இன்னொன்று சிவப்பு மூடி. அதைப் பற்றி அந்த டாக்டரம்மா என்னமோ ரொம்ப நேரம் சொன்னார்கள். நான் அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு மூட்டுவலி வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாசத்தில் கண் சரியாகிவிட்டது. வெள்ளை மூடி தீர்ந்துவிட்டது. சிவப்பு மூடியில் பாதி மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வருமா? சாமி படத்துக்குப் பின்னால் விபூதிப் பொட்டலத்தோடு வைத்துவிட்டேன்.

வசந்தா சனிக்கிழமையே ஓசூருக்கு வந்து சேர்ந்தாள். அந்த வாரம் எங்கள் லைனில் மெட்ராஸ் ஐ சுற்றிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் ஆரம்பித்து, ஓட்டுக் கேட்கிறவர்கள் மாதிரி ஒரு வீடு விடாமல் வந்துகொண்டிருந்தது. கண் நோய்க்காரரைக் கண்ணுக்குக் கண் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"யாரு மூஞ்சியும் பாக்காத. கொழாய்க்குப் போனா தரையப் பாத்துகினு போ. தரையப் பாத்துகினே வா."

அவளும் அப்படியே நடந்தாள். குழாயடியில் இரண்டு பேர் மீது முட்டிக்கொண்டாளே தவிர ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் துடைக்க நான் என் துண்டைக் கொடுத்தேன். எனக்கும் அன்று காலையிலிருந்து ஒரு கண் உறுத்தல். தூசி என்று நினைத்து அந்தத் துண்டாலேயே நாள் முழுக்கக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தா போட்ட கூச்சலில் எழுந்தேன்.

"அக்கா! கண்ணு தொறக்க வரலக்கா!"

இரண்டு இமையும் பீளையில் ஒட்டிப்போய் இருந்தன. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துத் திறந்தால், உள்ளே இரண்டும் செம்பருத்திப் பூ. அந்த வாரம் எல்லாக் கம்பெனி கேட்டிலும் கண் சிவந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் உள்ளே போனால் நூறு பேருக்கு ஒட்டும் என்ற பயம். வசந்தா நாளைக்கு ஒன்பது மணிக்குப் போகவில்லை என்றால் தை மாசம் தாலி.

"இன்னொரு நாளு வரன்னு சொன்னா உடுவாங்களாக்கா?"

"நீ கலெக்டர் பொண்ணு பாரு, ஒனக்காகக் கேட்டத் தொறந்து வெச்சிகினு காத்துகினு இருப்பாங்க."

சொல்லிவிட்டேனே தவிர பயம் எனக்கும்தான். அவளை ஓசூருக்கு வரச்சொன்னதும் நான்தான், விண்ணப்பம் போடச்சொன்னதும் நான்தான். துண்டைக் கொடுத்ததும் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ரத்னம்மா எட்டிப் பார்த்தாள். "ஹாலு ஹாக்கு சரசு. தாயி ஹாலு." மறுபடியும் அதே தாய்ப்பால் வைத்தியம்.

"உன் ஹாலு போதும் தாயி. எங்க ஊட்டுக்காரரு கண்ணு போவத் தெரிஞ்சது மறந்துட்டியா?"

அப்போதுதான் சாமி படம் கண்ணில் பட்டது. அதன் பின்னால் குப்பி. பெங்களூர் மருந்து. கண் போக இருந்த மனுஷனுக்கே கண்ணைக் கொடுத்த மருந்து. இந்தச் சாதாரணக் கண் நோயைக் கேட்கவா வேண்டும்? அதற்கு மேல், மூடி சிவப்பு. கம்பெனிக்காரன் எதற்குச் சிவப்பு மூடி போட்டிருக்கிறான்? சிவந்த கண்ணுக்குப் போடத்தான்! (இப்பச் சொல்லச் சொல்ல எனக்கே மானம் போவுது. அன்னிக்கி இதக் கண்டுபுடிச்சதுக்கு என்ன நானே மெச்சிகினன்.)

வசந்தா குப்பியைப் பார்த்தாள். மங்கிய கண்ணால் மேலே இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கப் பார்த்தாள்.

"இது என்ன மருந்துக்கா?"

"கண்ணு மருந்து. படுத்துக்கோ."

ஒரு கண்ணுக்கு இரண்டு சொட்டு. வழிந்தது போக மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று வேளை. திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு தடவை, போகிற வழிக்குப் புண்ணியமாக. மிச்சம் இருந்த குப்பியைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். வாயெல்லாம் கசக்கிறது, தொண்டை வறளுகிறது என்றாள். நல்ல மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்றேன்.

காலையில் சிவப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. (தோணத்தான செய்யும், மருந்து போட்டவ நானாச்சே.) அதைவிட ஆச்சரியம், கண்ணின் கறுப்பு அகன்றுபோய்க் கிடந்தது. கண் முழுக்கக் கறுப்பு. கோயில் சிலைக்குக் கண் திறந்த மாதிரி. ரத்னம்மா பார்த்துவிட்டு, "அய்யோ, ஹீரோயின் தரா இதாளே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சினிமா ஹீரோயின் மாதிரி இருக்கிறாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்ததும் வசந்தா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வெளிச்சம் குத்துதுக்கா."

"ஓசூர்ல எங்கடி வெளிச்சம்? தூறலு போடுது பாரு."

குடையைத் தாழ்த்திப் பிடித்து அவளை நடத்திக்கொண்டு போனேன். வழியில் இன்னொன்றும் சொல்லிவைத்தேன். "கண்ணு நோவுன்னோ மருந்துன்னோ உள்ள வாயத் தொறக்காத. கேட்டா தூக்கம் இல்லன்னு சொல்லு. மீறிக் கேட்டா எங்கக்காவக் கேளுங்கன்னு சொல்லு. சத்தியம் பண்ணு."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். கண் முழுக்க இருந்த கறுப்பில் அவருக்குச் சிவப்பு தெரியவில்லை போலிருக்கிறது. "ஹோகம்மா" என்று விட்டுவிட்டார். கூட வந்தவள் என்று என்னை ஒரு ஷெட்டில் உட்காரச் சொன்னார்கள். எதிரே கண்ணாடி ஜன்னல். உள்ளே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சின்னத் தகடு. அதில் ஊசிக்காது அளவு ஓட்டைகள். கம்பியைக் கோர்க்க வேண்டும்.

வசந்தா எங்கள் வீட்டிலேயே கண் கூர்மையானவள். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் கல்லே பயந்து எழுந்து ஓடும். அப்படிப்பட்டவள் கம்பியை எடுத்தாள். தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளிப் பிடித்தாள். கை நீளம் முடிந்துவிட்டது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் தகட்டை நீட்டி என்னமோ சொன்னாள். "இத நீ அங்கியே புடிச்சிக்கோ, அவ்ளோ தூரத்துல இருந்தாத்தான் எனக்குத் தெரியுது" என்று சொன்னாளாம். பிறகு எழுந்து எட்டிக் கம்பியை நீட்டினாள். அது நேராக, மேற்பார்வை பார்த்துக்கொண்டு குறுக்கே வந்த மேஸ்திரி அம்மாவின் ரவிக்கைக் கையில் கோர்த்துக்கொண்டது.

நான் ஷெட்டிலிருந்து எழுந்துபோய் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன். தங்கச்சிக்குக் கண் தெரியவில்லை. கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. நேற்றுவரை கல் பொறுக்கியவள். சாமி, நான் அவள் கண்ணை அவித்துவிட்டேனா? மருந்து பழசாகி விஷமாகிவிட்டதா? கல்யாணம் வேண்டாம் என்று வந்தவளுக்கு இனி யாருமே கல்யாணம் பண்ண வராதபடி செய்துவிட்டேனா?

சற்று நேரத்தில் மேஸ்திரி அம்மா வசந்தாவைக் கைப்பிடித்துக் கம்பெனி டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு ஐம்பது வயசிருக்கும். டார்ச் லைட்டை வசந்தாவின் கண்ணில் அடித்தார். எடுத்தார். மறுபடி அடித்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"வெளிச்சம் பட்டாக் கண்ணு பாப்பா சுருங்கணும். சுருங்கவே இல்லியே. தலையில அடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"வாய் வறளுதா?"

"ஆமாங்க, ரொம்ப."

மூஞ்சியைத் தொட்டுப் பார்த்தார். பயத்தில் சிவந்து, சூடாக இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சாப்பிட்டுச்சி இந்தப் பொண்ணு?"

"ரெண்டு களி உருண்டையும் கீரையும்ங்க."

"நான் அதக் கேக்கல. ஊட்டுல இந்தப் பொண்ணுக்கு ஏதாவது பிரச்சனையா? கட்டாயக் கல்யாணம், அது இதுன்னு?"

நான் அந்த நேரத்தில் கண் நோய் பேச்சு வராமல் வேறு எந்தப் பேச்சு வந்தாலும் போதும் என்று இருந்தேன். அதனால் சந்தோஷமாகச் சொன்னேன்.

"ஆமாங்க! மாமனுக்குக் கட்றாங்க, இவளுக்கு இஷ்டம் இல்லீங்க. ராத்திரியெல்லாம் ஒரே அழுக."

டாக்டரும் பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊமத்தங்காய்" என்றார் டாக்டர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஊமத்தங்காய் தின்றவர்களுக்கும் கண் இப்படித்தான் அகன்று கறுத்து, வாய் வறண்டு, முகம் சிவந்து போகுமாம். அந்த டாக்டர் நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். நர்ஸம்மா வாளியில் உப்புத் தண்ணீர் கரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் ஒரு ரப்பர்க் குழாய். கிணற்றுக்கு மோட்டார் போடுகிற குழாய் மாதிரி எனக்குத் தெரிந்தது. அதை வசந்தாவின் தொண்டை வழியாக வயிற்றுக்குள் விடப்போகிறார்களாம்.

"நீங்க வெளிய இருங்கம்மா. பொண்ணுகிட்டத் தனியாக் கேக்கணும்."

கதவுக்கு வெளியே நின்று காதை வைத்தேன்.

"பயப்படாதம்மா. உண்மையச் சொல்லு. உங்கக்கா ஒனக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

வசந்தா அரிச்சந்திரன் வம்சம். பொய் சொல்ல வராது, சத்தியத்தையும் மீற வராது.

"எங்கக்காவக் கேளுங்க."

"மெரட்டி வெச்சிருக்காங்களா?"

"எங்கக்காவக் கேளுங்க."

"எத்தன தடவ குடுத்தாங்க?"

அவளுக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது. "நேத்து மூணு வேள. காலையில ஒரு வேள. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தலைல அடிச்சிச் சத்தியம் வாங்கிட்டாங்க."

பிறகு டாக்டர் குரல் கேட்டது. "ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. போலீசுக்கும் சொல்லிடுங்க. அந்தம்மா எங்கியும் போயிடாமப் பாத்துக்குங்க."

அந்தம்மா என்றால் நான்.

என் வாழ்க்கையில் நான் கதவைத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் ஓடியது அந்த ஒரு தடவைதான். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிரித்தேன். வெற்றிலை விழுந்தது, பாக்கு விழுந்தது, கடைசியில் சிவப்பு மூடிக் குப்பி மேஜையில் உருண்டது.

"வயித்துக்குள்ள ஒண்ணியும் உடலீங்க! கண்ணுலதாங்க உட்டன்! மெட்ராஸ் ஐ வந்துட்டுதுங்க, கேட்டுல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு மருந்தப் போட்டுட்டங்க! அந்தக் கொழாய மட்டும் வேணாங்க, வேணும்னா என் வாயில உடுங்க!"

டாக்டர் குப்பியை எடுத்துப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நர்ஸம்மா சிரித்தது நன்றாகவே தெரிந்தது. அவர்கள் திரும்பிக்கொண்டு வாளியில் உப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"இது எதுக்குக் குடுக்கற மருந்துன்னு தெரியுமா?"

"செவந்த கண்ணுக்குங்க. மூடி செவப்புங்க."

"மூடி செவப்பு, ஏமாந்து போட்டுடாதன்னு சொல்றதுக்கும்மா! உம் புருஷனுக்குக் கண்ணுக்கு உள்ள வீக்கம். பாப்பா சுருங்கி ஒட்டிக்காம இருக்க, அத விரிச்சி வெக்கிறதுக்குக் குடுத்தது. இதப் போட்டாக் கிட்டத்துல இருக்கறது தெரியாது, வெளிச்சம் கூசும். இது போடறவங்களுக்கு அதெல்லாம் சொல்லித்தான் அனுப்புவாங்க. உங்கிட்டச் சொல்லலியா?"

சொன்னார்கள். நான் கிழவிக்கு மூட்டுவலி வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

"ஒடம்பு சுட்டா எல்லாம் ஒரே காய்ச்சலா? அது மாதிரிதான் கண்ணு செவக்கறதும். பீள தள்ளி, அரிச்சி, உறுத்தினா அது மெட்ராஸ் ஐ. சுத்தமாக் கழுவிகினு இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல அதுவாப் போயிடும். வலி குத்தி, வெளிச்சம் பாக்க முடியாம, பார்வ மங்கினா அது உள் வீக்கம், ஒரு நாள் தள்ளக் கூடாது. ஒண்ணுக்குக் குடுத்ததத் தூக்கி இன்னொண்ணுக்குப் போடறதா? இதே மருந்த உள்ளுக்குள்ள கண்ணு அழுத்தம் இருக்கற வயசானவங்களுக்குப் போட்டிருந்தா, ராத்திரியோட ராத்திரியாக் கண்ணு போயிருக்கும். அதுவும் தொறந்து எத்தன மாசம் ஆன குப்பியோ!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவளுக்குக் கண்ணு வருங்களா?"

"பத்துப் பன்னண்டு நாள்ல தானா வரும். ஊட்டுல ஆளுக்கு ஒரு துண்டு வெச்சிக்குங்க. கண்ணத் தொட்டாக் கையக் கழுவுங்க. கண்ணப் பாத்தா ஒட்டாது, துண்டுலதான் ஒட்டும்."

துண்டு என்றதும் நான் என் கண்ணைக் கசக்கினேன். அவர் என் கண்ணையும் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, எழுந்துபோய்க் கை கழுவினார். குப்பி குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

வேலை? டாக்டர் ஒரு சீட்டு எழுதினார், கண் சரியானதும் இந்தப் பெண்ணை மறுபடி பார்க்கலாம் என்று. மேஸ்திரி அம்மா தன் ரவிக்கைக் கையைத் தடவிக்கொண்டே அதை வாங்கிப் படித்தார்கள். "பதினஞ்சு நாள் கழிச்சி வரட்டும். எடம் மிச்சம் இருந்தாப் பாக்கலாம்." அதில் பாதி நம்பிக்கை, பாதி 'போய் வா' என்ற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தி வசந்தாவைப் படுக்கவைத்தேன். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. நான் போட்ட சாப்பாட்டைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

ஆனால் கெட்ட நேரம் அத்தோடு விடவில்லை. கிளப்பச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றார்களே, அந்த ஜீப்பின் டிரைவருக்குச் சொந்த ஊர் மத்தூர். முதல் பாதியைக் கேட்டவர் இரண்டாம் பாதிக்குக் காத்திருக்கவில்லை. மத்தூர் அரிசி மில்லுக்குப் போன் போட்டு, "வசந்தா ஊமத்தங்காய் தின்னுட்டா" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு லைன் வாசலில் அப்பாவும் மாதப்பன் மாமாவும் வந்து நிற்கிறார்கள். அப்பாவுக்குத் துண்டு தோளில் இல்லை, செருப்பு காலில் இல்லை. மாமா கையில் ஒரு தூக்குவாளி மோர். விஷத்துக்கு மோர் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். மத்தூரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் ஒரு சொட்டு சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

உள்ளே இருட்டில் வசந்தா கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "கண்ணு, ஒனக்குக் கல்யாணமே வேணாம் சாமி. நீ எழுந்து ஒக்காந்தாப் போதும்."

மாமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பனே. என்னப் பாத்தா ஊமத்தங்காய் தின்ற அளவுக்கா இருக்குது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் தொடையைக் கிள்ளியது. சாதாரணக் கிள்ளு இல்லை. நாலு நாளைக்குக் கன்றிப்போய் இருந்தது. காலையில் பொய் சொல்லத் தெரியாமல் என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவள், சாயங்காலத்துக்குள் தேறிவிட்டாள்! நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அது வசந்தாவின் துண்டு. ஐயோ என்று நான் பிடுங்குவதற்குள் இரண்டு கண்ணையும் நன்றாக அழுத்தித் துடைத்து முடித்துவிட்டார்.

பதினைந்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. தினமும் காலையில் வசந்தா முன்னால் ஊசியும் நூலும் வைத்துக் கோர்க்கச் சொல்வேன். பத்தாம் நாள் நாலாவது தடவையில் கோர்த்தாள். பதிமூன்றாம் நாள் ஒரே தடவையில். பதினைந்தாம் நாள் கம்பெனியில் அவள் கம்பி கோர்த்த வேகத்தைப் பார்த்து மேஸ்திரி அம்மா தன் கையைப் பத்திரமாகப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்துவிட்டது. அன்று ராத்திரியே மாமாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கடுதாசி எழுதச் சொன்னேன். வசந்தா எழுதினாள். மாமா பதிலே போடவில்லை. போடாததற்குக் காரணம் ஆறு மாசம் கழித்து அவர் கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

துண்டில் துடைத்துவிட்டுப் போனவருக்கு மூன்றாம் நாள் மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. இரண்டு கண்ணும் வீங்கி, சிவந்து, நிற்காமல் தண்ணீர். மத்தூர்ச் சந்தையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம், "பாவம், அந்தப் பொண்ண நெனச்சி அழுது அழுது இப்பிடி ஆயிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். அன்று மாடு வாங்க வந்திருந்த தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் அந்தக் கண்ணைப் பார்த்து உருகிவிட்டார். கட்டாத பெண்ணுக்கே இந்த அழுகை அழுகிறவன், கட்டினவளை எப்படி வைத்துக்கொள்வான் என்று, மாட்டை விட்டுவிட்டுத் தன் பெண்ணுக்கு மாமாவைப் பேசி முடித்துவிட்டார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாராம். இந்தச் சமயத்தில் எங்கள் கடுதாசியை வெளியே காட்டுவாரா?

அந்தப் பெரியவரின் பெண், அதாவது எங்கள் அத்தைக்கு, உண்மை தெரிந்தது வசந்தாவின் பெண்ணுக்குக் காது குத்தும்போது. சொன்னவள் நான்தான். (வாயில வந்தத அடக்கற வைத்தியம் மட்டும் எனக்குத் தெரியாது.) அதற்குள் அவர்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அத்தை கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மாமாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பன்னண்டு வருஷமா ஒரு நாளு எனக்காக ஒரு சொட்டுக் கண்ணுத் தண்ணி வருதான்னு பாத்துகினு கீறன். இப்பத்தான தெரியுது, அன்னிக்கி வந்ததும் அழுக இல்லன்னு!"

மாமா பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் குடித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினால் முதலில் அத்தையைக் கூட்டி உட்காரவைத்து அதைச் சொல்லச் சொல்வார்கள். அவளும் அலுக்காமல் சொல்வாள்.

"ஊருல எல்லாரோட அப்பனும் நெலம் பாத்து, ஊடு பாத்து மாப்புள்ள எடுத்தான். எங்கப்பன் ஒருத்தன்தான் மெட்ராஸ் ஐயப் பாத்து எடுத்தான்."